கையின் ஆடலும் கமராவின் எல்லையும்

ஆடலைப் படமாக்குதல் மேடை நிகழ்வொன்றைப் பதிவுசெய்தலேயெனப் பலர் கருதுவர். இக்கருத்து மீள்நோக்குக்குரியது. அமெரிக்க நடனக் கலைஞர் இவோன் றெய்னர் 1966இல் ஆக்கிய ‘ஹான்ட் மூவி’ எனும் மௌனக் குறும்படத்தைச் சான்றாகக் கொள்வோம். சத்திரசிகிச்சையின் பின் வைத்தியசாலையிலிருந்த அவரது ஒரு கையை வில்லியம் டேவிஸ் 8 மி.மீ. படச்சுருளிற் பதிவுசெய்தார். விரல்கள் மடிகின்றன, நீள்கின்றன, ஒன்றையொன்று தடவுகின்றன, வேறெதுவும் நிகழ்வதில்லை.

மேடையில் இவ்வசைவுகள் கடைசி வரிசையினருக்குப் புலப்படா. கமராவின் அண்மையே அவற்றை நடனமாக்குகின்றது. அவ்வகையிற் கமராவும் ஆடலின் பங்காளியாகின்றது. திறன்காட்டலையும் காட்சிப் பகட்டையும் நிராகரித்து 1965இல் கொள்கை வெளியிட்ட றெய்னர், அதனை இங்கு நோயுற்ற தம் உடலிலேயே சோதிக்கின்றார். தேர்ந்த உடலுக்கே ஆடல் உரியதெனும் எண்ணம் இதனாற் தகர்கின்றது.

ஆயினும், கையை மட்டுமே காட்டும் சட்டகம் கட்டிலையும் நோயையும் மறைத்துவிடுகின்றது. அசைவைப் பிறப்பித்த வாழ்நிலையைப் பார்வையாளர் படத்துக்கு வெளியிலிருந்தே அறியவேண்டியுள்ளது. அசைவின் தூய்மையைப் பேணுவதற்கு இப்படம் கொடுத்த விலை இதுவென்பதே நமது கணிப்பாகும்.