நான்கு வீடு கண்ட விளக்கு

சென்னையில் 'லைட் ஹவுஸ்' எங்கே என்று யாரைக் கேட்டாலும் மெரினாவின் தென்கோடிக்குத்தான் வழி சொல்வார்கள். அது நான்காவது. 1796 முதல் இந்த நகரத்தின் விளக்கு மூன்று முறை வீடு மாறியிருக்கிறது. பழைய மூன்று வீடுகளும் இன்றும் நிற்கின்றன. சுண்ணாம்பு, கருங்கல், செங்கல், கான்கிரீட் என்று இந்த ஊர் கட்டக் கற்ற கதை முழுவதும் அந்த நான்கு கட்டடங்களில் இருக்கிறது.

லைட் ஹவுஸுக்குத் தமிழில் 'கலங்கரை விளக்கம்' என்று பெயர். கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல். கப்பலை அழைக்கும் விளக்கு என்ற பொருள் தரும் இந்தச் சொல் சிலப்பதிகாரத்திலேயே உண்டு. இயற்கைத் துறைமுகம் இல்லாத சென்னைக்கு அந்த அழைப்பு மிகவும் தேவைப்பட்டது. கப்பல்கள் கரைக்குத் தள்ளியே நங்கூரம் பாய்ச்சும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலை தாண்டி வரவேண்டும். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1795இல் வணிகர்கள் கூடிப் பேரம் பேச எழுந்த கட்டடத்தின் உச்சியில், மறு ஆண்டு தேங்காய் எண்ணெய் விளக்கை ஏற்றினார்கள். இன்று கோட்டை அருங்காட்சியகமாக இருக்கும் அந்த வெள்ளைக் கட்டடத்தில் நாணயமும் பீரங்கியும் பார்க்க வருகிறவர்கள், தலைக்கு மேல் ஒரு காலத்தில் விளக்கு எரிந்ததை அறியாமலே திரும்புகிறார்கள்.

இரண்டாவது விளக்கு 1844இல் எரியத் தொடங்கியது. கோட்டைக்கு வடக்கே அன்று வெட்டவெளி. அங்கே பல்லாவரத்துக் கருங்கல்லை அடுக்கி, சுமார் 125 அடி உயரத்துக்குக் கிரேக்க டோரிக் பாணியில் ஒற்றைத் தூணை நிறுத்தினார்கள். கோயில் கோபுரத்தைப் போல அடுக்கு அடுக்காகச் சிலைகள் கிடையாது. மேலே போகப் போக மெலியும் கல்லின் நேர்த்திதான் அதன் அழகு.

அரை நூற்றாண்டில் அந்தத் தூணுக்குப் பக்கத்திலேயே அதைவிட உயரமான ஒன்று எழுந்துவிட்டது.

1892இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றம் நான்கிலும் தலையாயது. ஹென்றி இர்வின் கைவண்ணத்தில் முழுமை பெற்ற இந்தோ-சாரசெனிக் கட்டடம். சிவப்புச் செங்கல்லில் வளைவு வளைவாக ஓடும் தாழ்வாரங்கள், ஒன்றின் தோளில் ஒன்று ஏறியதுபோல் திரளும் குவிமாடங்கள், வண்ணக் கண்ணாடியில் வடிந்து வரும் வெயில் என்று கண் ஓரிடத்தில் நிற்காது. அத்தனையையும் கூட்டி மேலே இழுத்துச் செல்வது நடுக்கோபுரம். 1894இல் கருங்கல் தூணிலிருந்த பணி இதன் உச்சிக்கு வந்தது. கீழே வழக்கு, மேலே விளக்கு. ஒரே கட்டடம் எண்பது ஆண்டுகளுக்கு மேல் இரண்டு வேலைகளையும் பார்த்தது.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு பொழிந்தது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன; நீதிமன்ற மதிலும் அடி வாங்கியது. அந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு மதிலில் இருக்கிறது. கப்பலின் பெயரோ தமிழ்ப் பேச்சில் தங்கி, கெட்டிக்கார ஆளை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கமாயிற்று.

1977 ஜனவரியில் விளக்கு மெரினாவுக்குப் போனது. முக்கோண வடிவில், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய கான்கிரீட் கோபுரம். உள்ளே லிப்ட் உண்டு. அலங்காரம் என்று எதுவும் இல்லாவிட்டாலும் கடற்கரையிலிருந்து அண்ணாந்து பார்த்தால், அந்த மூன்று முனைகளின் கூர்மையே போதுமான அழகாகத் தெரிகிறது.

மெரினாவோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் ஒரு நாளாவது கோட்டை அருங்காட்சியகத்தில் தொடங்கி, நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, மாலையில் மெரினாவுக்கு வந்து சேர வேண்டும். பார்க்கும் வரிசையும் அதுதான், கட்டிய வரிசையும் அதுதான்.