எதைக் குறைத்தாள்?

என் நாவல் ஒன்றைப் படித்துவிட்டு ஓர் அம்மாள் கடிதம் எழுதியிருந்தார். நாவலைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "குமாஸ்தாவின் மனைவி சிக்கனமாகக் குடித்தனம் நடத்தி, ஆறு மாதத்தில் பெண்ணுக்கு ஒரு ஜோடி வளையல் வாங்கிவிட்டாள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். எதைக் குறைத்தாள் என்று சொல்லவில்லையே?"

என்னால் உடனே பதில் எழுத முடியவில்லை. எனக்கே தெரியாது என்பதுதான் காரணம். கதைக்கு வளையல் வேண்டியிருந்தது. பின்னால் ஓர் அத்தியாயத்தில் அதை அடகு வைத்தாக வேண்டும். வாங்கினால்தானே அடகு வைக்கலாம்? ஆகவே வாங்க வைத்தேன். 'சிக்கனமாக' என்ற ஒரு வார்த்தையில் ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டேன்.

இது என் ஒருவனுடைய குற்றம் மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். நம் கதைகளில் வறுமைக்குக் குறைவில்லை. கடன்காரன் வாசலில் நிற்கிறான். குழந்தை பாலுக்கு அழுகிறது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். ஆனால் வரவு செலவு மட்டும் கிடையாது. மாதக் கடைசி வாரத்தில் குடும்பத்துக்காரர்கள் மனத்துக்குள் போடும் கணக்கு கதைக்குள் நுழைவதே இல்லை. கண்ணீர் கலை, கணக்கு மளிகைக்கடைச் சமாசாரம் என்று எழுத்தாளர்கள் தீர்மானித்துவிட்டோம் போலும்.

அப்படித் தீர்மானிக்காத ஒருவர் உண்டு. ரஷ்ய ஆசிரியர் கோகோல் 1842-இல் வெளியிட்ட 'மேல்கோட்டு' என்ற கதையை மீண்டும் எடுத்துப் படித்தேன். அகாகி அகாகியேவிச் என்ற நகல் எழுதும் குமாஸ்தா, வருஷத்துக்கு 400 ரூபிள் சம்பளம் வாங்குகிறவன். பீட்டர்ஸ்பர்க் குளிருக்கு அவனுடைய கோட்டு இனித் தாங்காது. ஒட்டுப் போடக்கூட இடமில்லை, புதிதாகத்தான் தைக்க வேண்டும் என்று தையற்காரன் பெட்ரோவிச் சொல்லிவிடுகிறான். அவன் கேட்கும் தொகை 150. பேரம் பேசினால் 80-க்கு முடிப்பான் என்பது அகாகிக்குத் தெரியும். ஆனால் எண்பதுக்குத்தான் எங்கே போவது?

இங்கே நம்மில் ஒருவர் எழுதியிருந்தால், அவன் அரும்பாடு பட்டுச் சேர்த்தான் என்று எழுதிவிட்டு அடுத்த காட்சிக்குப் போயிருப்பார். கோகோல் நகர மறுக்கிறார். ஒரு ரூபிள் செலவானால் ஒரு செப்புக் காசைப் பூட்டுப் போட்ட சிறு பெட்டியின் துவாரத்தில் போட்டுவைப்பது அகாகியின் வழக்கம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை செப்பை வெள்ளிச் சில்லறையாக மாற்றிக்கொள்வான். பல வருஷங்களில் சேர்ந்தது 40 ரூபிளுக்குக் கொஞ்சம் மேல். ஆக, பாதி கையில் இருக்கிறது. மறு பாதிக்கு ஒரு வருஷமாவது செலவைக் குறைத்தாக வேண்டும். எதை, எதை? சாயங்காலத் தேநீர் வேண்டாம். இரவில் மெழுகுவத்தி ஏற்ற வேண்டாம். அவசர வேலை இருந்தால் வீட்டுக்கார அம்மாள் அறையில், அவள் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதலாம். தெருவில் கல் பாவிய இடத்தில் நுனிக்காலால் நடந்தால் பூட்ஸின் அடித்தோல் தேயாது. சலவைக்காரியிடம் துணி போடுவதைக் குறைக்கலாம். அதற்காக வீட்டுக்கு வந்ததும் உள்ளாடைகளைக் களைந்துவிட்டு ஒரு பழைய அங்கியோடு இருந்துவிடலாம்.

இந்த ஜாபிதா முழுவதும் ஒரே பத்திதான். ஆனால் படித்தவனுக்கு மறக்காது. நுனிக்கால் நடை ஒன்று போதும், அந்த மனிதனை ஆயுளுக்கும் நினைவில் வைத்துக்கொள்ள. அலுவலகத்தில் வரவேண்டிய இனாம் 40 ரூபிளையும் அவன் ஏற்கனவே பங்கு போட்டுவிட்டான்: கால்சட்டை, செருப்புத் தைப்பவனுடைய பழைய பாக்கி, மூன்று சட்டை. கைக்கு வருமுன்பே செலவாகிவிட்ட இனாமைப் பற்றி நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதிருஷ்டவசமாக 60 ஆக வருகிறது; கோட்டும் வருகிறது. பட்டு உள்துணிக்குப் பதில் காலிகோ. உயர்ந்த ரோமத்துக்குப் பதில், தூரத்திலிருந்து பார்த்தால் அதுபோலத் தெரிகிற நல்ல பூனைத்தோல். முதல் நாள் இரவே திருடர்கள் அதைப் பறித்துக்கொண்டு போகிறார்கள். முறையிடப் போன இடத்தில் பெரிய மனிதர் ஒருவர் அதட்ட, அகாகி காய்ச்சலில் விழுந்து சாகிறான். ஓக் மரம் விலை அதிகம், பைன் மரத்தில் சவப்பெட்டிக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுப் போகிறார். சிக்கனம் அதுவரைக்கும் வந்துவிடுகிறது.

ஆனால் கோகோல் சிக்கனத்தை வெறும் துன்பமாக மட்டும் காட்டிவிட்டுப் போகவில்லை. பட்டினி கிடக்கப் பழகிய அந்த மாதங்களில்தான் அகாகி முதன்முதலாக உயிரோடு இருக்கிறான். கல்யாணம் ஆனவன்போல, துணை கிடைத்தவன்போல அவன் முகத்தில் ஒரு தெளிவு வருகிறது. மாதாமாதம் பெட்ரோவிச்சிடம் போய்த் துணியைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் பேசிவிட்டு வருகிறான். ஒரு பொருளுக்காகச் சேமிக்கிறவனுக்கு அது கிடைத்த பிறகு உள்ள சந்தோஷத்தைவிடக் கிடைக்குமுன் உள்ள சந்தோஷம் பெரிது. சிக்கனத்தைப் பற்றி அறிவுரை எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. கணக்கை நேர்மையாகப் போட்ட கதாசிரியருக்கு இந்த உண்மை தானாக வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தக் கதைக்கு நான் படித்த மிகக் கடுமையான விமர்சனத்தை எழுதியவன் விமர்சகன் அல்ல. இன்னொரு ஏழைக் குமாஸ்தா. அவனும் கதாபாத்திரம்தான். டாஸ்டாவ்ஸ்கியின் முதல் நாவலான 'ஏழைகள்' 1846-இல் வந்தது. அதில் வரும் மகார் தேவுஷ்கின் 'மேல்கோட்டை'ப் படித்துவிட்டுக் கோபத்தில் துடிக்கிறான். பூட்ஸ் தேயாமல் இருக்க நான் எப்படி நடக்கிறேன் என்பதை ஊருக்குச் சொல்ல இவனுக்கு என்ன உரிமை என்பது அவன் கட்சி. ஏழைக்கு மிச்சம் இருப்பது மறைவு ஒன்றுதான். அதையும் எழுத்தாளன் திறந்து போட்டுவிட்டான். கதையின் முடிவும் அவனுக்குப் பிடிக்கவில்லை. கோட்டுத் திரும்பக் கிடைத்து, மேலதிகாரி கூப்பிட்டுப் பதவி உயர்வும் கொடுத்தால் என்ன என்று கேட்கிறான்.

சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் மகார் யார் என்று பார்க்க வேண்டும். வார்வாரா என்ற அநாதைப் பெண்ணுக்கு உதவுவதற்காக, 30 ரூபிள் செலவான பழைய வீட்டை விட்டு, சமையலறையில் ஒரு தடுப்புக்குப் பின்னால் குடியேறிச் சாப்பாடு உட்பட இருபத்துநாலரையில் காலம் தள்ளுகிறவன். வசதிக்காகத்தான் இங்கே வந்தேன் என்று அவளுக்குக் கடிதம் எழுதுகிறான். தேநீர் குடிப்பதே அக்கம்பக்கத்தார் பார்வைக்காகத்தான் என்று ஒப்புக்கொள்கிறான். சம்பளத்தை முன்கூட்டியே வாங்கியதும் உடையை விற்றதும் அவளுக்குப் பிற்பாடுதான் தெரிகிறது. அகாகியின் சிக்கனம் தனக்காக. அவனுக்கு ஒரே வயிறு. மகாரின் சிக்கனம் இன்னொருவருக்காக. ஆகவே யாருக்காகச் சிக்கனமோ அவரிடமிருந்து அதை மறைத்தாக வேண்டும். குடும்பத்துச் சிக்கனம் இந்த இரண்டாவது வகை. இந்த இடத்தில் டாஸ்டாவ்ஸ்கி கோகோலைத் தாண்டிப் போய்விடுகிறார்.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். மகார் ஆசைப்பட்டது மகாருக்கே நடக்கிறது. மேலதிகாரி முன்னால் நிற்கும்போது அவன் கோட்டுப் பொத்தான் அறுந்து உருண்டு ஓடுகிறது. அதிகாரி மனம் இளகி 100 ரூபிள் கொடுத்துக் கையையும் குலுக்குகிறார். வாசகன் கேட்ட முடிவைக் கொடுத்துப் பார்த்தார் ஆசிரியர். நூறு ரூபிள் வந்தும் வார்வாரா அவனுக்குக் கிடைக்கவில்லை. வேறொருவனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விடுகிறாள்.

இப்போது அந்த அம்மாளின் கேள்விக்கு வருகிறேன். எதைக் குறைத்தாள்? நாவலைப் புரட்டிப் பார்த்தேன். அந்த ஆறு மாதமும் குமாஸ்தாவின் காலைக் காப்பியில் மாற்றம் இல்லை. ராத்திரி மோர் கெட்டியாகவே இருக்கிறது. குழந்தைகளுக்கு எண்ணெய் உண்டு, புத்தகம் உண்டு. அவர்கள் பங்கில் குறையவில்லை என்றால் எங்கே குறைந்திருக்கும் என்பது யாருக்கும் விளங்கும். அவள் சாப்பிடும் காட்சி ஒன்றுகூட என் நாவலில் இல்லை. கணவனுக்குத் தெரிந்த அளவுதான் ஆசிரியனுக்கும் தெரிந்திருக்கிறது. அவன் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அவனோடேயே கையலம்ப எழுந்து போயிருக்கிறேன்.

மறுபதிப்பு வந்தால் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு ஒரு பக்கம் எழுதலாம் என்று இருக்கிறேன். மகாரை நினைத்தால் கொஞ்சம் தயக்கமாகவும் இருக்கிறது. அவள் அத்தனை ஜாக்கிரதையாக மறைத்ததை நான் போய் வெளியே சொல்லலாமா? ஆனால் கேட்டது மகார் அல்ல, அந்த அம்மாள். தெரிந்துகொள்வதற்காக அவர் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. பதில் அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியுமா என்றுதான் கேட்டிருக்கிறார்.