அடிக்குறிப்பும் அமானிதமும்

தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணியை ஆராய்ந்து ம.மு. உவைஸ் அவர்கள் 1953இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட காலந்தொட்டு, இஸ்லாமியத் தமிழாய்வு ஒரு தனித்துறையாக வளர்ந்து வந்துள்ளது. பல்கலைக்கழகங்களில் ஆய்வேடுகள் பெருகியுள்ளன. ஊர் வரலாறுகளும் இறைநேசர் வரலாறுகளும் தொடர்ந்து அச்சேறுகின்றன. எண்ணிக்கையைக் கண்டு மகிழ இடமுண்டு. ஆயின், அவற்றுள் பலவற்றின் அடிக்குறிப்புகளையும் துணைநூற் பட்டியலையும் நிதானமாகப் படிப்பவருக்கு அம்மகிழ்ச்சி நீடிப்பதில்லை. 'என்பர்', 'என்று கூறப்படுகிறது', 'வரலாறு கூறுகிறது' ஆகிய தொடர்கள் சான்றுக்குரிய இருக்கையில் அமர்ந்துகொண்டிருக்கின்றன. யார் கூறினார், எங்கே கூறினார், அவருக்கு அது எவ்வாறு தெரிந்தது என்னும் மூன்று வினாக்களும் விடையின்றி நிற்கின்றன.

இதனை வெறும் வடிவமைப்புக் குறையாகக் கருதி ஒதுக்குவோர் உளர். காற்புள்ளி எங்கே, அரைப்புள்ளி எங்கே என்பதில் என்ன இருக்கிறது என்பது அவர்தம் கேள்வி. அதற்கு விடைகாணத் தென்காசி, குற்றாலம் வட்டாரத்தையே களமாகக் கொள்வோம்.

ஒரு செய்தியின் பயணம்

தக்கலையில் அடங்கியுள்ள ஞானி பீர் முகம்மது அப்பா அவர்கள் தென்காசியில் பிறந்தவர் என்பது மரபு. நெசவுத் தொழில் செய்து வாழ்ந்தவர்; ஞானப்புகழ்ச்சி முதலிய நூல்களை இயற்றியவர். அவருடைய ஞானரத்தினக் குறவஞ்சி சித்தர் பாடல் தொகுப்புகளிலும் இடம்பெற்று, சமய எல்லை கடந்து படிக்கப்பட்டு வந்துள்ளது. இத்தகைய பெருமகனாரின் பிறப்பிடத்தை எழுதும் ஆய்வாளர், "தென்காசியில் பிறந்தார்" என்று எழுதி, அடிக்குறிப்பில் தமக்கு முன் எழுதிய ஒருவரின் நூலைச் சுட்டுகிறார். அம்முன்னவர் தமக்கு முன்னவரைச் சுட்டியிருப்பார்; அல்லது எவரையும் சுட்டியிருக்கமாட்டார். ஐந்து நூல்கள் ஒரே செய்தியைக் கூறுவதால் ஐந்து சான்றுகள் கிடைத்துவிட்டன என்று ஆறாமவர் கருதுகிறார். உண்மையில் இருப்பது ஒரே சான்று. அதுவும் எங்கே தொடங்கியது என்று காட்டப்படாத சான்று.

தென்காசிப் பிறப்பு பொய் என்று நாம் கூறவில்லை. வாய்மொழி மரபும் ஒரு சான்றே. ஆனால் அதனை வாய்மொழி மரபென்றே குறிக்க வேண்டும். தக்கலையில் வழங்கும் செய்தியா, தென்காசியில் வழங்கும் செய்தியா, அச்சிட்ட பதிப்பொன்றின் முன்னுரைச் செய்தியா, நூலின் அகச்சான்றா என்பதைப் பிரித்துக் காட்டினால் ஒவ்வொன்றின் எடையும் படிப்பவருக்கு விளங்கும். இந்நான்கையும் கலந்து 'என்பர்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால், பின்வரும் ஆய்வாளருக்கு எதிர்த்திசையில் நடந்து செல்ல வழியில்லாமற் போகிறது.

குற்றாலத்திலும் இதே நிலைதான். குற்றாலக் குறவஞ்சி பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயருக்கு, 1706 முதல் 1732 வரை மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் நிலம் வழங்கினார் என்றும் அந்நிலம் குறவஞ்சிமேடு எனப் பெயர் பெற்றது என்றும் பலரும் எழுதுகின்றனர். செப்புப் பட்டயத்தையும் குறிப்பிடுகின்றனர். எழுதுபவர் கண்டது பட்டயத்தையா, பட்டயத்தின் அச்சுவடிவத்தையா, அதனைப் பற்றிய பதிப்புரையையா? பதிப்புரையைக் கண்டவர் பதிப்புரையைத்தான் சுட்ட வேண்டும். பட்டயத்தைச் சுட்டினால் தாம் காணாததற்குச் சாட்சி சொன்னவராகிறார்.

முன்னோர் வகுத்த இலக்கணம்

இக்குற்றத்துக்கு நம் மரபில் பெயர் உண்டு. தமக்கு நேரே அறிவித்தவரை மறைத்து, அவருக்கும் மேலுள்ளவரிடமிருந்தே கேட்டதுபோலத் தோன்றச் செய்வதை ஹதீஸ் கலை அறிஞர்கள் 'தத்லீஸ்' என்றனர். பஸ்ராவின் பேரறிஞர் ஷுஅபா (மறைவு ஹிஜ்ரி 160) இதனைப் பொய்யின் உடன்பிறப்பாகவே எண்ணி வெறுத்தார். அறிவிப்பாளர் தொடராகிய இஸ்னாதை மார்க்கத்தின் ஒரு பகுதியாகக் கருதிய அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (மறைவு ஹிஜ்ரி 181) அவர்களின் கருத்து, இமாம் முஸ்லிம் தம் ஸஹீஹுக்கு எழுதிய முன்னுரையில் பதிவாகியுள்ளது.

இன்றைய ஆய்வு நெறிகள் கூறும் விதிகள் பலவற்றுக்கு அக்கலையில் இணைகள் உள்ளன. மேற்கோளைக் குறிகளுக்குள் அடைத்து, தம் சொல்லை வெளியே நிறுத்த வேண்டும் என்பது ஒரு விதி. அறிவிப்பாளரின் சொந்த விளக்கம் மூலத்தோடு கலந்துவிடுவதை அவர்கள் 'இத்ராஜ்' என்று பெயரிட்டுத் தனியே பிரித்தெடுத்தனர். பிறர் கருத்தைத் தம் நடையில் தரும்போதும் மூலத்தைச் சுட்ட வேண்டும் என்பது மற்றொரு விதி. சொல் மாறாமல் அறிவிப்பதையும் பொருளை மட்டும் அறிவிப்பதையும் அவர்கள் வேறுபடுத்தினர். சொல்லில் ஐயமுள்ளபோது, 'அல்லது அவர்கள் கூறியவாறு' என்று பொருள்படும் தொடரை இறுதியில் சேர்த்துக்கொள்வது அறிவிப்பாளரிடையே நல்லொழுக்கமாகப் போற்றப்பட்டது.

இதற்கு நூலுலகில் ஒரு புகழ்பெற்ற வழக்கும் உண்டு. நூலாசிரியரையும் திருடரையும் பிரித்துக்காட்டும் பொருளில் தனியொரு சிறுநூலே எழுதிய இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தி (மறைவு 1505), தம் நூல்களிலிருந்து பெயர் சுட்டாமல் எடுத்தாண்டதாகச் சமகால அறிஞர் கஸ்தல்லானி (மறைவு 1517) மீது குறை கூறினார். வழக்கு ஷைகுல் இஸ்லாம் ஸகரிய்யா அல்அன்ஸாரி முன் வந்தது. ஸுயூத்தி கேட்டதாக வரலாற்று நூல்கள் கூறும் கேள்வி மிக நுட்பமானது: பைஹகீயின் கூற்று என்று இவர் பல இடங்களில் எழுதியுள்ளார், பைஹகீக்குப் பல நூல்கள் உள, எந்த நூலில் கண்டார் என்று சொல்லட்டும். அவரால் சொல்ல இயலவில்லை. பைஹகீயிடமிருந்து நேரே எடுத்ததன்று, தம் நூல்வழியே எடுத்தது என்பதை ஸுயூத்தி அந்த ஒரு கேள்வியால் காட்டிவிட்டார். கஸ்தல்லானி பின்னர்க் கால்நடையாகவே சென்று ஸுயூத்தியின் வாயிலில் நின்று மன்னிப்பு வேண்டியதாகவும், ஸுயூத்தி கதவைத் திறக்காமலே மனம் பொருந்தியதாகச் சொன்னதாகவும் அந்நூல்கள் கூறும். கஸ்தல்லானியின் நூல்களை உலமாக்கள் இன்றும் போற்றிப் பயில்கின்றனர். பேரறிஞரையும் இக்கேள்வி விட்டுவைக்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

குற்றாலம் தரும் இரு பாடங்கள்

சான்று சுட்டுவது அரபு மரபுக்கே உரியது என்று எண்ணவும் வேண்டா. பழம்பாடல்களைப் பொருள்வாரியாகத் தொகுத்த புறத்திரட்டு என்னும் நூல், பாடல்கள் எந்நூலிலிருந்து எடுக்கப்பெற்றன என்று நூற்பெயர் குறித்து வைத்தது. அக்குறிப்பினால்தான் முத்தொள்ளாயிரத்தின் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட பாடல்கள் இன்று நமக்குக் கிடைக்கின்றன. மறைந்துபோன வேறு சில நூல்களின் பெயரும் துளியும் எஞ்சின. புறத்திரட்டை ஆராய்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகப் பதிப்பித்தவர் நெல்லைச் சீமையின் எஸ். வையாபுரிப் பிள்ளை (1891-1956).

அம்முத்தொள்ளாயிரத்தைத் தமிழ் மக்களிடையே பரப்பியவருள் முதன்மையானவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். குற்றாலத்தில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்து 1954இல் மறைந்த அவர், கவிதையை அனுபவிக்கக் கற்றுக்கொடுத்த ஆசான் என்பதில் ஐயமில்லை. ஆயின் கம்பர் பாடல்களைப் பதிப்பித்தபோது, ஏட்டுச் சான்று காட்டாமல் சுவையையே அளவுகோலாகக் கொண்டு பல பாடல்களைக் கழித்தார். சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். அவருடைய செவி நுண்ணியது. அவர் தேர்வு பல இடங்களில் சரியாகவும் இருக்கலாம். ஆனால் எது ஏட்டிலுள்ள பாடம், எது ரசிகமணியின் திருத்தம் என்று பிரித்தறியும் வழி அப்பதிப்பை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு இல்லை. ஹதீஸ் கலையின் மொழியில் சொன்னால் இது இத்ராஜ். பெயரறியாத் தொகுப்பாளர் ஒருவர் நூற்பெயரைக் குறித்துவைத்த சிறு பணி, ரசிகமணி போற்றிய முத்தொள்ளாயிரத்தையே காப்பாற்றித் தந்தது. அதே பணியை ரசிகமணி கம்பருக்குச் செய்யாமல் விட்டார்.

பெயரை வெட்டும் பட்டியல்

வடிவமைப்பிலும் பொருள் உண்டு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு காட்டுவோம். மேனாட்டு நெறிகள் துணைநூற் பட்டியலில் குடும்பப் பெயரை முன்னும் இயற்பெயரைப் பின்னும் எழுதச் சொல்கின்றன. தமிழருக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் இல்லை. இவ்விதியை இயந்திரமாகப் பின்பற்றுவோர், இஸ்லாமியக் கலைக்களஞ்சியம் தொகுத்த எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் அவர்களை 'றஹீம், அப்துற்' என்று வெட்டி எழுதுகின்றனர். அப்துற் றஹீம் என்பது அருளாளனின் அடிமை எனப் பொருள்படும் ஒரே பெயர். 'அடிமை'யை வெட்டிவிட்டு இறைவனின் திருநாமத்தை மனிதருக்குச் சூட்டும் இப்பிழை, இலக்கணப் பிழையோடு நிற்பதன்று. சிகாகோ கைநூலே அரபுப் பெயர்களையும் இந்தியப் பெயர்களையும் குறித்துத் தனியே பேசி, அவ்வவ் வழக்கை மதிக்கச் சொல்கிறது. விதியின் பெயரால் இப்பிழையைச் செய்வோர் அவ்விதியையும் முழுமையாகப் படிக்கவில்லை.

இவ்வாறே பீர்முகம்மது, பீர் முஹம்மது, பீர்முகமது என மூன்று வடிவில் ஒரே ஆய்வேட்டில் எழுதினால், அகரவரிசையில் ஒருவர் மூவராகிவிடுவார். குறவஞ்சிப் பாடலுக்குப் பக்க எண் மட்டும் தந்தால் வேறு பதிப்பு வைத்திருப்பவருக்குப் பயனில்லை. பாடல் எண்ணும் வேண்டும். ஹதீஸ் எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால், நூலோடு பாடத்தலைப்பையும் பதிப்பையும் குறிக்க வேண்டும். பொட்டல்புதூரில் பிற சமயத்தவரும் நேர்ந்துகொண்டு வருவதைக் களஆய்வில் கேட்டு எழுதுபவர், சொன்னவர் யார், எந்நாளில் சொன்னார், அவருக்கும் தர்காவுக்கும் என்ன தொடர்பு என்பவற்றைக் குறித்தால்தான் அச்சொல் சான்றாகும்.

கருவி காணாதது

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி, பிற நூல்களோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வேட்டைத் திருத்தித் தர வேண்டும். 60 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். இது வேண்டிய ஒழுங்கே. ஆயின் கணினி சொல்லொப்புமையை எண்ணும். காணாத நூலைக் கண்டதாகச் சுட்டும் அடிக்குறிப்பை அதனால் பிடிக்க இயலாது. சொற்களை மாற்றிப்போட்டவர் தேறிவிடுகிறார். நேர்மையாக மேற்கோளை விரித்துத் தந்தவர் விளக்கம் சொல்ல நேர்கிறது. ஸுயூத்தி கேட்ட கேள்வியைக் கேட்க மனிதர்தாம் வேண்டும்.

இதில் சமுதாயத்தின் நலனும் அடங்கியுள்ளது. இந்த மண்ணில் நமக்குள்ள வேரை எழுத்தில் நிறுவ வேண்டிய தேவை முன்னெப்போதையும் விட இன்று மிகுதி. சான்றில்லாத பெருமையை மறுக்க எதிரிக்கு உழைப்பே தேவையில்லை. அதனோடு சேர்த்து, சான்றுள்ள உண்மையையும் அவர் ஒதுக்கிவிடுவார். பிறர் சொல் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். உரியவர் பெயரோடு அதனைத் திருப்பித் தருவது நம் கடமை.

ஆதலின் நெறியாளர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும் நாம் முன்வைக்கும் வேண்டுகோள் எளியது. ஓர் ஆய்வேடு கைக்கு வந்ததும் அதிலிருந்து 10 அடிக்குறிப்புகளைத் தெரிந்தெடுத்து, சுட்டப்பட்ட நூல்களை ஆய்வாளரைக் கொண்டே கொணரச் செய்து, அந்தந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பத்தும் அங்கே இருந்தால் மற்றவற்றை நம்பலாம். இரண்டு இல்லாவிடினும் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுங்கள். நூலகம் தொலைவில் இருக்கிறது என்னும் காரணத்தை, ஒரு ஹதீஸுக்காக ஊர்விட்டு ஊர் நடந்தவர்களின் வழிவந்த நாம் ஏற்பதற்கில்லை.