கும்பல் பேச்சும் கதைப் பேச்சும்

மலேசியத் தமிழர் ஒருவரை 'தைக்கோ' என்று கூப்பிட்டால் அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். ரகசியக் கும்பல் தலைவனைக் குறித்துப் புழங்கிய சீனச் சொல் இன்று ஒட்டுக்கடைப் பேச்சிலும் சாதாரணமாக வருகிறது. எண்களும் அப்படித்தான். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதமென அறிவித்தபோது, 04, 08, 36 என எண்களே பெயர்களாக நின்றன. மூன்றாண்டு கழித்து வந்த 'கபாலி' படத்தில் எதிரிக் கும்பலின் பெயர் 43. கோலாலம்பூர்ப் பையனுக்கும் கோலா தெர்லா தோட்டத்துப் பையனுக்கும் அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தெரு கொடுத்ததைக் கதை வாங்கிக்கொண்டது. குற்றக் கதைகளின் நம்பகத்தன்மைக்கு இந்தக் கொடுக்கல்தான் முதல்.

சிக்கல் திருப்பிக் கொடுக்கும்போது வருகிறது. சென்னை ரவுடிகள் வாயில் 'சம்பவம்' என்றால் வெட்டு, கொலை. 'பேட்ட' (2019) போன்ற படங்கள் அதை நாயகனின் சாகசமாக்கின. இன்று மட்டையாளர் சிக்ஸர் அடித்தாலும் சம்பவம்தான். ரத்தம் கழுவப்பட்டு, கெத்து மட்டும் மிஞ்சிய சொல் அது. குற்றவாளிகளே திரைப்படத்தைப் பார்த்துத் தோரணை பழகுவதை இத்தாலியச் சமூகவியலாளர் தியேகோ கம்பெட்டா 2009இல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். இப்படிச் சாகசமாக்கும் படங்களுக்கு மறுமுனையில் நிற்கிறது சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015). அதிலும் கும்பல் பேச்சு உண்டு. ஆனால் அதன்பால் ஈர்க்கப்படும் 12 வயது அப்போயின் வீடும் பள்ளியும் அடியும் அதே சட்டகத்துக்குள் இருக்கின்றன.

ஒரு சொல்லைக் கேட்டு எவனும் கும்பலில் சேர்வதில்லை, தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பிழைப்பிழந்ததுதான் காரணம் என்பார்கள். உண்மைதான். ஆனால் பிழைப்பில்லாதவனுக்கு ஆயத்த மதிப்பாகக் கிடைப்பது அந்தப் பேச்சு. அப்படியானால் தணிக்கை போதுமே என்பதும் சரியல்ல. மலேசியாவில் 'கபாலி'யின் முடிவில் நாயகன் காவல்துறையிடம் சரணடைந்ததாக ஒரு வாசகம் சேர்த்தார்கள். இரண்டரை மணி நேரம் பேச்சு ஊட்டிய கவர்ச்சியை ஒற்றை வரி அழிக்குமா? சொல்லை வெட்டினாலும் பயனில்லை. தெருவில் அதற்குள் புதுச்சொல் பிறந்திருக்கும். தெருப்பேச்சு அச்சு அசலாக இருக்கிறது என்பதற்காகவே ஒரு படைப்பை 'யதார்த்தம்' எனப் பாராட்டுவது விமர்சனத்தின் சோம்பல். அந்தப் பேச்சைப் பேசியவனும் அவன் வீட்டாரும் என்ன விலை கொடுத்தார்கள் என்று கதை சொல்கிறதா என்பதே அளவுகோலாக வேண்டும்.