ராஸ்பெரி பை எழும் அழகு

ராஸ்பெரி பை என்னும் சிறு கணினிப் பலகையில் மின்சாரம் பாய்ந்ததும் முதலில் எழுவது லினக்ஸ் ஓடப்போகும் ஆர்ம் செயலி அல்ல. அதே சில்லுக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் செயலி. 2012-ல் வந்த முதல் பலகையிலேயே இந்த ஏற்பாடு உண்டு. பை 4-க்கு முந்தைய பலகைகளில், சில்லில் பொறித்த சிறு நிரல் எஸ்டி கார்டிலிருந்து பூட்கோட் கோப்பை எடுக்கும். அது ரேமை உயிர்ப்பித்து, ஸ்டார்ட் கோப்பை ஏற்றும். கிராஃபிக்ஸுக்கு இவ்வளவு, லினக்ஸுக்கு இவ்வளவு என்று நினைவகத்தைப் பாகம் பிரித்து, லினக்ஸின் மையமான கெர்னலையும் ஏற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் கோப்பு ஆர்மைத் தட்டி எழுப்பும். எந்தப் படியில் நின்றது என்று தெரிந்துவிட்டால் பழுதில் பாதி தீர்ந்தது.

அதைச் சொல்லப் பலகையில் ஒரு பச்சை விளக்கு இருக்கிறது. 7 முறை மின்னினால் கெர்னல் கோப்பைக் காணோம். 8 முறை மின்னினால் ரேம் பிடிபடவில்லை. திரை உயிர்பெறும் முன்பே நோயைச் சொல்லிவிடும் இந்த ஏற்பாடு எவ்வளவு சிக்கனமானது! கெர்னல் ஓடத் தொடங்கிப் பாதியில் நின்றால் சீரியல் கேபிள்தான் துணை. அது 3.3 வோல்ட் கேபிளாக இருக்க வேண்டும். 5 வோல்ட் கொடுத்தால் பலகை பாழாகும்.

ரேம் குறைவாகத் தெரிவது இதைவிட நுட்பமான சிக்கல். 2012 அக்டோபரில் 512 எம்பி பலகை வந்தது. ஸ்டார்ட் கோப்புக்கு ஜோடியான ஃபிக்ஸப் கோப்பு கார்டில் இல்லாவிட்டால் அந்தப் பலகை 256 எம்பி மட்டுமே காட்டும். ரேம் சில்லோ செயலியின் முதுகிலேயே பற்றவைக்கப்பட்டது. கழற்றிப் பார்க்க வழியில்லை. பார்ப்பவர் ரேம் பாதி செத்துவிட்டது என்றே நினைப்பார். இரண்டு கோப்புகளையும் ஒரே பதிப்பில் நகலெடுத்துப் போட்டால் 512-ம் திரும்பிவிடும்.

பை 4-ல் ரேம் அளவைச் சோதிக்கும் வழி இன்னும் அழகானது. சிபியு விவரக் கோப்பின் ரிவிஷன் எண்ணில் முதல் எழுத்தைப் பார்த்தாலே போதும்: ஏ என்றால் 1 ஜிபி, பி 2, சி 4, டி 8. பலகை தன்னைப் பற்றித் தானே சொல்லும் கணக்கு இது. லினக்ஸின் ஃப்ரீ கட்டளை இதைவிடச் சற்றுக் குறைத்துக் காட்டுவது இயல்பே; கிராஃபிக்ஸின் பங்கும் கெர்னலின் பங்கும் போக மிச்சத்தைத்தான் அது சொல்கிறது. பெரிய அளவில் குறைந்தால், கான்ஃபிக் கோப்பில் மொத்த நினைவகத்துக்கு வரம்பு விதிக்கும் வரி எதுவும் உண்டா என்று முதலில் தேட வேண்டும். 1 ஜிபிக்கு மேற்பட்ட பலகைகளில், ஆர்மின் பங்கு எவ்வளவு என்று விசிஜென்கமாண்ட் என்ற கட்டளையிடம் கேட்பதில் பயனில்லை; அது தரும் எண் அங்கே சரியாக இருக்காது.