நான் சேந்தன் அமுதன் கட்சி

‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள் கூடினால் அங்கே பெரும்பாலும் ரெண்டு கட்சிதான். ஒன்று வந்தியத்தேவன் கட்சி, இன்னொன்று அருள்மொழி கட்சி. குந்தவைக்கும் நந்தினிக்கும் தனித்தனி மகளிரணி உண்டு. நான் இதில் எதிலும் சேரவில்லை. நான் சேந்தன் அமுதன் கட்சி. பள்ளிக்கரணையில் எங்கள் அபார்ட்மென்ட்டில் இந்தக் கட்சிக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர், தொண்டர் எல்லாமே நான்தான். டெபாசிட் போனாலும் கட்சி மாறுவதாக இல்லை.

“யாருங்க அது?” என்று படத்தை மட்டும் பார்த்தவர்கள் கேட்பது நியாயம்தான். மணிரத்னத்தின் படத்தில் அஸ்வின் காகுமனு அந்த வேடத்தில் வந்தார். பாப்கார்ன் வாங்கப் போய்த் திரும்பியவர்கள் அவரைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். புத்தகத்தில் அப்படியில்லை. கல்கி 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை, ஐந்து பாகங்களாக எழுதிய கதையில் இந்தப் பூக்குடலைக்காரன் முதல் பாகத்தில் நுழைந்து கடைசி பாகம் வரை வருகிறான். வாள் பிடிக்கத் தெரியாது. அரசியல் புரியாது. தஞ்சையில் தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூ பறித்துக் கொடுப்பான், தேவாரம் பாடுவான், வாய் பேசாத அம்மாவைப் பார்த்துக்கொள்வான். அவ்வளவுதான் ஆள்.

வந்தியத்தேவன் அவனைத் தஞ்சைக் கோட்டைக்கு வெளியேதான் முதன்முதலில் பார்க்கிறான். ஊர் தெரியாத வாலிபன், எதற்கு வந்திருக்கிறான் என்று சொல்லவும் மாட்டேன் என்கிறான். நாமாக இருந்தால் ஆதார் கார்டு கேட்டிருப்போம். அமுதன் வீட்டுக்குக் கூட்டிப்போய் இலை போடச் சொல்கிறான். அந்த அம்மா இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் பரிமாற, நம்ம ஆள் கூச்சமே இல்லாமல் வெளுத்துக்கட்டுகிறான். தமிழ் நாவல்களில் எத்தனையோ விருந்து படித்திருக்கிறேன், இந்த இடம் வரும்போது மட்டும் எனக்கு நிஜமாகவே பசிக்கும். சாப்பாட்டுக்கு நடுவே ஒரு துருவல் கேள்வி கிடையாது. சொல்ல விருப்பமில்லாததைத் தோண்டாமல் இருப்பது எத்தனை பெரிய மரியாதை! நட்பின் முதல் லட்சணம் இதுதான் என்று கல்கி எங்கேயும் உபதேசம் செய்யவில்லை. இலையைப் போட்டுக் காட்டிவிட்டார்.

இப்போது கந்தமாறனைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கடம்பூர் சம்புவரையர் மகன். வடபெண்ணைக் கரையில் வந்தியத்தேவனோடு சேர்ந்து காவல் காத்தவன், பல நாள் சிநேகிதன். முதுகில் கத்திக்குத்துப் பட்டுக் கிடந்தவனை வந்தியத்தேவன்தான் தோளில் போட்டுச் சுரங்க வழியே வெளியே கொண்டுவருகிறான். கண் விழித்த பெரிய மனுஷன் என்ன சொல்கிறான்? குத்தியதே வந்தியத்தேவன்தான் என்கிறான்! பழையாறை வைத்தியர் மகன் பினாகபாணி இன்னொரு ரகம். கோடிக்கரை வரை வழித்துணையாக வந்துவிட்டு ஆளைக் காட்டிக்கொடுப்பவன். வருஷக்கணக்கில் பழகியவன் சந்தேகப்படுகிறான், கூடவே வந்தவன் விலைபோகிறான், நேற்று சாயங்காலம் அறிமுகமானவன் பாதாளச் சிறைக்குப் போகிறான்.

ஆமாம், சிறைக்குத்தான். சிநேகிதனுக்கு ஒத்தாசை செய்த குற்றத்துக்காக, தங்கச்சாலைக்கு அடியில், போகும் வழியிலேயே புலி உறுமும் அந்த இருட்டறைக்கு. அங்கே உட்கார்ந்தும் தேவாரம் பாடுகிறான், பாருங்கள்! குந்தவையும் வானதியும் வந்து அவனை மீட்கும் அத்தியாயத்தைப் படிக்காமல் யாரும் என்னிடம் நட்பைப் பற்றிப் பேச வரக்கூடாது. அவனிடம் புலம்பலும் இல்லை, ‘உன்னால்தான் எனக்கு இந்தக் கதி’ என்ற கணக்கும் இல்லை. வந்தியத்தேவன் சாகசக்காரன், அவனுக்கு ஆபத்து ஒரு விளையாட்டு. அமுதன் பயந்த சுபாவம். பயந்தவன் அசையாமல் நிற்பதைத்தான் நான் வீரம் என்பேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து எங்கள் ஏரியா சதுப்பு நிலத்தோடு சதுப்பு நிலமாகக் கிடந்தபோது, கரண்ட் இல்லாத வீட்டில் டார்ச் வெளிச்சத்தில் நான் மறுபடி எடுத்தது ‘சுழற்காற்று’ பாகத்தைத்தான். பொருத்தம் பார்த்து எடுக்கவில்லை, கைக்கு அகப்பட்டது. அப்போது மேடவாக்கத்திலிருந்து முழங்கால் தண்ணீரில் பால் பாக்கெட்டும் மெழுகுவர்த்தியும் தூக்கிக்கொண்டு ஒருத்தன் வந்தான். ஆபீசில் ஒரே வரிசையில் உட்காருபவன், அதிகம் பேசியதுகூடக் கிடையாது. அவனுக்கு நான் வைத்த பெயரை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் புத்தகம் படிக்கிற ஜாதி இல்லை, அதனால் கிண்டல் என்றே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

நாவலை இன்னும் முடிக்காதவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கடைசியில் இந்தப் பூக்காரன்தான் செம்பியன் மாதேவியின் சொந்த மகன், கண்டராதித்தரின் வாரிசு என்று தெரியவருகிறது. அருள்மொழி தன் தலைக்கு வந்த மகுடத்தை எடுத்து அவன் தலையில் சூட்டுகிறான். சிம்மாசனக் கனவு கண்ட பூங்குழலிக்கு, பூந்தோட்டம் போதும் என்ற அத்தை மகனைக் கட்டியதாலேயே சிம்மாசனம் வாய்க்கிறது. கல்கி, உங்கள் கையைக் கொடுங்கள்! படத்திலோ மகுடம் ரகுமான் நடித்த மதுராந்தகனுக்குப் போய்விட்டது. திரைக்கதைக்கு அது வசதி என்பது புரிகிறது. ஆனால் நாவலின் ஆகப்பெரிய சந்தோஷத்தை வெட்டிவிட்டார்கள், அதில் எனக்கு மன்னிப்பே கிடையாது.

அமுதன் கற்பனைதான். முடிசூடி அவன் அடையும் உத்தம சோழன் என்ற பெயர் கற்பனை இல்லை. உத்தம சோழன் 985 வரை நிஜமாகவே ஆண்டவன். அவனுக்குப் பின்தான் அருள்மொழி ராஜராஜனாகிறார். சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை அரசு வேண்டாம் என்று அருள்மொழி ஒதுங்கியதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அந்த ஒரு சேதியைப் பிடித்துக்கொண்டு, அரியணைக்கு ஆசைப்படாத ஒரு நல்ல மனுஷனைத் தானாகவே படைத்து அங்கே உட்கார வைத்ததுதான் கல்கியின் சாமர்த்தியம்.

உத்தம சோழனின் செப்பேடு நம் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் சொத்து. ‘மெட்ராஸ் மியூசியம் செப்பேடு’ என்றுதான் அதற்குப் பெயரே. அங்கே சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளையும் நின்று நிதானமாகப் பாருங்கள். நம் பக்கத்து ஆட்களுக்குத் தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்தால் நேரே எழும்பூர். வெள்ளிக்கிழமை மட்டும் கிளம்பிவிடாதீர்கள், அன்று மியூசியம் லீவு.