இயற்பியல் படிக்க இடம் தேடுவோரும் ரேங்க் பட்டியலும்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "பொண்ணு பிஸிக்ஸ்தான் படிப்பேங்கறா சார். எந்த காலேஜ் ரேங்க்ல மேல இருக்கு?" கேட்பவர் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். பெரும்பாலும் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியல். வெளிநாடு வரை யோசிக்கும் வீடு என்றால் கியூ.எஸ். பட்டியலும் கூட. பட்டியல் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பெண்ணின் கேள்விக்கு அதில் பதில் இல்லை, அவ்வளவுதான்.

என்.ஐ.ஆர்.எஃப். 2015இல் அறிவிக்கப்பட்டது. முதல் பட்டியல் 2016இல் வந்தது. மதிப்பெண் ஐந்து தலைப்புகளில்: கற்பித்தலும் வசதிகளும், ஆராய்ச்சி, படித்து வெளியேறியவர்களின் நிலை, எல்லாத் தரப்பினருக்கும் இடம், பெயர். பல்கலைக்கழகங்களுக்கு இவற்றின் பங்கு முறையே 30, 30, 20, 10, 10 சதவீதம். பொறியியல், மேலாண்மை, மருந்தியல், மருத்துவம், சட்டம், கட்டிடக்கலை ஆகியவற்றுக்கெல்லாம் தனிப்பட்டியல் உண்டு. இயற்பியலுக்குக் கிடையாது. வேதியியலுக்கும் கிடையாது. ஆகவே நம்ம ஆட்கள் பார்ப்பது 'கல்லூரிகள்' பட்டியல், இல்லாவிட்டால் 'பல்கலைக்கழகங்கள்' பட்டியல். பி.காம்., ஆங்கில இலக்கியம், பி.சி.ஏ., இயற்பியல் எல்லாம் ஒரே சாக்கில் போட்டு எடை பார்த்த கணக்கு அது.

பல்கலைக்கழகப் பட்டியலில் இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. படிப்பவர்களில் பெரும்பாலானோர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் படிப்பதில்லை. அதோடு இணைந்த கல்லூரியில் படிக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் ரேங்கை உயர்த்துவது வளாகத்தில் இருக்கும் துறைகளின் ஆராய்ச்சிக் கட்டுரைகளும் பிஎச்.டி. மாணவர்களும். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கல்லூரியில் முதலாம் ஆண்டு மெக்கானிக்ஸ் படிக்கும் பெண்ணுக்கு அதிலிருந்து வந்து சேர்வது பாடத்திட்டம், கேள்வித்தாள், கடைசியில் சான்றிதழில் ஒரு பெயர். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் கேள்வித்தாளும்கூட அந்தக் கல்லூரியே போடுவது.

சரி, கியூ.எஸ்.ஸில் இயற்பியலுக்குத் தனிப்பட்டியல் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதன் அடித்தளம் கல்வியாளர்களிடமும் நிறுவனங்களிடமும் எடுக்கும் கருத்துக்கணிப்பும், கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள் எண்ணிக்கையும். ஒருவர் கட்டுரையை உலகம் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறது என்பதற்கும், அவர் பதினெட்டு வயதுக்காரர்களுக்கு வெப்ப இயக்கவியலை எப்படிச் சொல்லித்தருகிறார் என்பதற்கும் பெரிய தொடர்பு இருக்க வேண்டியதில்லை. அவர் அந்த வகுப்பையே எடுக்காமலும் இருக்கலாம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் தொடங்கியது 1909இல். ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கான நான்காண்டு அறிவியல் பட்டம் அங்கே வந்தது 2011இல். நடுவில் நூறு வருடம் அந்த நிறுவனத்தின் பெயருக்கு என்ன குறை? ஆனால் அப்போது ப்ளஸ் டூ முடித்து இயற்பியல் படிக்க வந்தவருக்கு அங்கே இடம் இல்லை.

பட்டியல் எதை அளக்கவில்லை என்று கேட்டால் என் முதல் பதில் லேப். லேப் கருவிகளுக்குச் செலவழித்த பணம் என்.ஐ.ஆர்.எஃப். கணக்கில் வருகிறது. அந்த லேப் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது என்பது வருவதில்லை. புத்தம்புதுக் கருவிகள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வரிசையாக நிற்கும் கல்லூரி லேப்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஸ்பெக்ட்ராமீட்டரைச் சுற்றி ஆறு பேர். ஒருத்தர் ரீடிங் சொல்வார், மற்ற ஐந்து பேர் அப்படியே எழுதிக்கொள்வார்கள். சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து 'சரியான' விடைக்கு ஏற்றபடி ரீடிங்கைத் திருத்துவதும் நடக்கும். மூன்று வருடம் இப்படிப் போனால், அளவீட்டில் பிழை என்றால் என்ன, அதை எப்படிக் கணக்கிடுவது என்பதே தெரியாமல் ஒருத்தர் இயற்பியல் பட்டதாரி ஆகிவிடுவார்.

ராமனின் முதல் கட்டுரை 1906இல் பிலசாபிக்கல் மேகசினில் வந்தது. அப்போது அவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர், வயது பதினெட்டு. பட்டகத்தின் கோணத்தை ஸ்பெக்ட்ராமீட்டரில் அளக்கும்போது கண்ணில் பட்ட விளிம்பு விளைவு பற்றிய கட்டுரை அது. அதே சோதனை இன்றைக்கும் தமிழ்நாட்டு பி.எஸ்சி. லேப்களில் இருக்கிறது, கருவியிலும் பெரிய மாற்றம் இல்லை. அன்றைக்கு ஒரு மாணவர் கருவியோடு தனியாக, அவசரமில்லாமல் இருக்க முடிந்தது. அதைச் சொல்லும் பத்தி எந்தப் பட்டியலிலும் இல்லை. "ராமன் படிச்ச ஊரு" என்று மேடையில் பெருமை பேசுகிறோம். மதியம் மூன்று மணிக்கு லேபைப் பூட்டிவிடுகிறோம்.

இரண்டாவது, கணிதம். நம் ஊர் பி.எஸ்சி. இயற்பியலில் கணிதம் பெரும்பாலும் 'அல்லைட்' பாடம், அதாவது துணைப்பாடம். அது முதலாம் ஆண்டோடு முடிந்துபோகும் இடங்கள் நிறைய. மூன்றாம் ஆண்டில் குவாண்டம் மெக்கானிக்ஸ் வரும்போது அணிகளும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் மறந்துபோயிருக்கும். பாடத்திட்டம் கல்லூரித் தளத்திலேயே கிடைக்கும். லீனியர் அல்ஜீப்ரா எந்த செமஸ்டரில், எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் பாதி தெரிந்துவிடும்.

பட்டியலுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். என்.ஐ.ஆர்.எஃப்.பின் உண்மையான பயன் ரேங்கில் இல்லை, அதற்கு அடியில் இருக்கும் தரவில். ஒவ்வொரு நிறுவனமும் தந்த விவரங்கள் பி.டி.எஃப்.பாக வெளியாகின்றன: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்கும் மேல்படிப்புக்கும் போனார்கள். ரேங்க் பத்தா இருபதா என்று பார்ப்பதைவிட இதைப் பார்ப்பது மேல். ஆனால் இங்கேயும் மூன்றாண்டுப் படிப்புகள் எல்லாம் ஒரே வரியில். அந்த மேல்படிப்புக் கணக்கில் எம்.பி.ஏ. போனவர் எத்தனை, எம்.எஸ்சி. இயற்பியல் போனவர் எத்தனை என்று பிரித்துச் சொல்ல மாட்டார்கள். துறை வாரியாக அந்த ஒரு வரியைப் போட்டால் மாணவர்களுக்கு அது ரேங்கைவிட உதவும். கல்லூரிகளிடம் அந்த விவரம் இருக்கவே செய்யும்.

அப்புறம், இடங்கள் ஒன்றுக்கொன்று மேலே கீழே என்று மட்டும் வேறுபடுவதில்லை. வகையிலேயே வேறு. ஐசர் என்கிற ஏழு நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்பில் ஆரம்ப செமஸ்டர்களில் இயற்பியலோடு வேதியியல், உயிரியல், கணிதமும் படிக்க வேண்டும். கடைசி வருடம் ஆய்வேடு. என்ன துறை என்று இன்னும் முடிவாகாதவருக்கு அது வரம். உயிரியலைக் கண்டாலே ஓடுபவருக்கு ஆரம்பம் கஷ்டம். சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகத்தில் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பட்டம் உண்டு. கோட்பாட்டுப் பக்கம் மனசு போகிறவர்களுக்கானது. இரண்டுக்கும் தனித்தனி நுழைவுத்தேர்வு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு கியூட் தேர்வு. இந்தத் தேர்வுகளின் விண்ணப்பம் ரிசல்ட்டுக்கு முன்னாடியே முடிந்துவிடும் என்பதுதான் வேதனை. மே மாதம் ரேங்க் பார்ப்பவருக்குப் பாதிக் கதவுகள் ஏற்கெனவே சாத்தியிருக்கும். அந்தத் தகவல் முதல் தலைமுறை மாணவரின் வீட்டுக்குத்தான் கடைசியாகப் போய்ச் சேருகிறது. இதைப் பள்ளியில் ப்ளஸ் ஒன்னிலேயே சொல்ல வேண்டும்.

சாத்திய கதவு மறுபடி திறக்காது என்றும் இல்லை. பி.எஸ்சி. முடித்தபின் 'ஜாம்' தேர்வு எழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம். எந்தக் கல்லூரி ரேங்க் என்று அந்தத் தேர்வு கேட்பதில்லை. வீட்டை விட்டு வெளியூர் அனுப்பமாட்டோம் என்று சொல்லப்பட்ட பெண்ணும், ஹாஸ்டல் பணம் கட்ட முடியாத பையனும் உள்ளூர் அரசுக் கல்லூரியில் சேர்வதில் தப்பே இல்லை. கோடை விடுமுறையில் இந்திய அறிவியல் அகாடமி மூன்று தேசிய அகாடமிகள் சார்பில் நடத்தும் ஆய்வுப் பயிற்சித் திட்டம் இருக்கிறது. அதற்கு மாணவர்களை விண்ணப்பிக்க வைக்கும் ஆசிரியர் ஒருவர் அந்தத் துறையில் இருந்தால், பட்டியலில் பெயரே இல்லாத கல்லூரியும் நல்ல கல்லூரிதான்.

ஆகவே சேர்வதற்கு முன் ஒரு வேலைநாளில், மதியத்துக்கு மேல், துறைக்கு நேரில் போங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரைப் பிடித்துக் கேளுங்கள்: லேபில் ஒரு கருவிக்கு எத்தனை பேர்? போன வருஷம் முடித்ததில் யார் யார் எம்.எஸ்சி. இயற்பியல் போனார்கள், எங்கே? புரியவில்லை என்று வகுப்பு முடிந்தபின் போய்க் கேட்டால் உட்கார வைத்துச் சொல்லித்தரும் ஆசிரியர் யார்? மூன்றாவது கேள்விக்கு இருவரும் யோசிக்காமல் ஒரே பெயரைச் சொன்னால், அங்கே தைரியமாகச் சேரலாம்.